கருவிக்கு ஒரு கலிமாவா?

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரிடையே அரை நூற்றாண்டுக் காலமாக ஒரு வேடிக்கை வழங்கி வருகிறது. தாம் விரும்பிக் கையாளும் மென்பொருளைச் சமயமாகவும், அதனை ஆக்கியவரைப் புனிதராகவும், வேறொன்றைக் கையாளுவோரைப் புறச்சமயிகளாகவும் பேசி நகைப்பதே அது. அந்நகைக்குள் திருச்சபை உண்டு; பாவமும் பரிகாரமும் உண்டு; 'புனிதப் போர்' என்னும் பெயரில் ஓயாத வழக்குகளும் உண்டு. கோவில்பட்டிக்கும் சிவகாசிக்கும் கிருஷ்ணன்கோவிலுக்கும் பொறியியல் பயிலச் செல்லும் நம் வீட்டுப் பிள்ளைகளோடு இவ்வேடிக்கையும் வீட்டுக்குள் வந்து சேர்கிறது. அறியாதவர்போல் இருந்துவிடுவதினும், இதனை ஓர் இலக்கிய வகையாகவே எடுத்துக்கொண்டு சீர்தூக்கிப் பார்ப்பது நலமென எண்ணுகிறோம்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுவோம். நிரல் என்பது பொறிக்கு இடும் கட்டளைகளின் வரிசை. அதனை எழுதித் திருத்துவதற்கு, நமக்கு ஏடும் எழுதுகோலும்போல, ஒரு கருவி வேண்டும். 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அத்தகைய கருவிகள் இரண்டு தோன்றின. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் முதலியோர் ஆக்கியது 'ஈமாக்ஸ்'. பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் ஆக்கியது 'வி-ஐ'. முன்னதில் ஒரு காரியத்துக்கு இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தவேண்டும். பின்னதில் ஒரே விசை ஒரு நிலையில் எழுத்தாகவும் மறுநிலையில் கட்டளையாகவும் நிற்கும். ஒன்றில் விரல் பழகியவருக்கு மற்றது எளிதில் கைவருவதில்லை. வேற்றுமை பெரும்பாலும் இவ்வளவே. இதன்மேல் எழுந்த வசைகளுக்கோ அளவில்லை.

ஈமாக்ஸ் கட்சியார் கண்ட ஒரு நுட்பத்தைப் பாருங்கள். உரோம எண்முறையில் வி-ஐ என்னும் இரண்டெழுத்தும் சேர்ந்தால் ஆறு. மும்முறை எழுதினால் மூன்று ஆறுகள். கிறித்தவ வேதத்தின் இறுதி நூலில் வரும் கொடுவிலங்கின் எண் 666 அல்லவா? ஆகவே வி-ஐ அவ்விலங்கின் கருவி என்று தீர்ப்பாயிற்று! ஸ்டால்மனோ ஒருபடி மேலே சென்று, கூட்டங்களில் நீண்ட அங்கி பூண்டு, பழைய கணிப்பொறித் தட்டொன்றைத் தலையில் ஒளிவட்டமாக அணிந்து, 'ஈமாக்ஸ் திருச்சபையின் புனித இக்னூசியஸ்' என்று தோன்றலானார். வி-ஐயின் கட்டற்ற பதிப்பைக் கையாளுவது பாவமா எனின், பாவமன்று, பாவத்துக்கான பரிகாரம் என்பது அவர் விடை. (அச்சபையின் வேறொரு பகடி, பெண்களை இழிப்பதாக 2009ஆம் ஆண்டில் கனாரித் தீவு மாநாட்டையொட்டிக் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. குடும்பத்தார் படிக்கும் இவ்விதழில் அதனை விவரிப்பதற்கில்லை.)

தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுத்தார். எள்ளலுள்ளும் தான் பிறரை எள்ளுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளத் தானும் நகுவது ஒன்று என உரைகாரர் பிரிப்பர். மென்பொருளார் நகையின் நல்ல பகுதி பின்னதைச் சார்ந்தது. உலகம் மதிக்கும் வினைஞர் ஒருவர் தலையில் பழைய தட்டைச் சுமந்து நிற்கும்போது சிரிப்பு யார்மேல் விழுகிறது? ஒரு கருவியின்மேல் இத்துணைப் பித்துக்கொண்ட தம்மேலேயே பெரிதும் விழுகிறது. அவ்வளவில் அது நல்ல நகை. தன் பற்று அளவு கடந்துவிட்டது என்பதைத் தானே அறிந்தவனால்தான் அவ்வாறு நகைக்க இயலும்.

இவ்வகையின் மிகச் சிறந்த ஆக்கம் எதுவெனக் கேட்டால், டேனி கோஹன் என்னும் அறிஞர் 1980 ஏப்ரல் முதல் நாளிட்டு எழுதிய கட்டுரையைச் சொல்வோம். புனிதப் போர்களைப் பற்றியும், சமாதானத்துக்கு வேண்டுகோள் விடுத்தும் எழுதியதாகத் தலைப்பிலேயே அவர் குறித்தார். பெரிய எண்ணொன்றைப் பொறியினுள் பகுதி பகுதியாக வைக்கும்போது உயர்ந்த பகுதியை முன்வைப்பதா, தாழ்ந்த பகுதியை முன்வைப்பதா என்பதே வழக்கு. பொறி செய்வோர் இரு கூறாகப் பிரிந்து நின்றனர். கோஹன் என்ன செய்தார்? ஜானதன் ஸ்விப்ட் 1726இல் வெளியிட்ட கலிவரின் யாத்திரைக் கதையில், முட்டையைப் பெரிய முனையில் உடைப்பதா, சிறிய முனையில் உடைப்பதா என்று இரு குட்டி நாடுகள் பொருதுமல்லவா, அதனைக் கொண்டுவந்து இங்கே பொருத்தினார். இருசாரார்க்கும் பெருமுனையார், சிறுமுனையார் எனப் பெயரிட்டார். ஸ்விப்டும் ஒரு பாதிரியாரே என்பதும், அவர் எள்ளியது தம் சமயத்தார் தமக்குள் இட்ட சண்டைகளையே என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன. எந்த முனை என்பதைவிட, எல்லாரும் ஒரு முனைக்கு உடன்படுவதே முக்கியம் என்பது கோஹனின் முடிபு. வேடிக்கைக்கு வைத்த அப்பெயர்கள் இன்று பாடநூல்களில் கலைச்சொற்களாகவே நிலைத்துவிட்டன.

அரபு ஓதியவர்க்கு இவ்விடத்தில் ஒரு புன்முறுவல் வரும். இருபத்தைந்து என்று தமிழில் உயர்ந்ததை முன்வைக்கும் நாமே, அரபியில் ஐந்தும் இருபதும் எனத் தாழ்ந்ததை முன்வைத்து 'கம்ஸத்துன் வஇஷ்ரூன்' என்கிறோம். காலையில் மத்ரஸாவில் சிறுமுனைக் கட்சி. பகலில் பள்ளிக்கூடத்தில் பெருமுனைக் கட்சி. நம் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு குறையும் நேரவில்லை.

இன்னொருவர் லாரி வால். 1987இல் 'பெர்ல்' என்னும் நிரல்மொழியை வெளியிட்டவர். அவர் கிறித்தவ நம்பிக்கையாளர். எழுத்தில்லாத மொழியொன்றுக்கு எழுத்தமைத்து வேதத்தைப் பெயர்க்கும் நோக்குடன் மொழியியல் கற்று, உடல்நலம் இடங்கொடாமையால் அதனைக் கைவிட்டவர். மத்தேயு சுவிசேஷத்தில் வரும் விலையுயர்ந்த முத்தின் உவமையை நினைந்தே தம் மொழிக்கு முத்தென்று பெயரிட்டார். அப்பெயரில் ஏற்கெனவே ஒரு மொழி இருந்தமையால் ஓர் எழுத்தைக் குறைத்துக்கொண்டார். அம்மொழியில் ஒரு பொருளை ஒரு வகுப்பிற் சேர்க்க இடும் கட்டளைக்கு 'ஆசீர்வதி' என்றே பொருள். 2001 முதல், மொழியின் புதிய அமைப்பை வகுத்து அவர் எழுதிய ஆவணங்கள் 'திருவெளிப்பாடு' எனப் பெயர் பெற்றன. அவற்றுக்கு டேமியன் கான்வே எழுதியவை 'வேதவிரிவுரை' எனப்பட்டன. நம் வழக்கில் சொன்னால் ஒன்று மூலம், மற்றது தஃப்ஸீர். தம் வேதத்தை நம்பும் ஒருவர், தம் வீட்டுச் சொற்களை எடுத்து, அவற்றின் எடை தெரிந்து ஆடுகிறார். இதில் நமக்கு உடன்பாடு உண்டா என்பது வேறு. ஆட்டத்தில் நேர்மை உண்டு.

சமயச் சொற்கள் இவர்களுக்கு ஏன் இத்துணை எளிதில் வாய்க்கின்றன என்பதும் ஆராயத்தக்கது. நிரலில் எழுதிய சொல்லை இயக்கிவிட்டால் காரியம் நிகழ்ந்துவிடும். அழி என்றால் அழியும். வேடிக்கைக்கு எழுதினேன் என்று பின்னர் அழுதால் பொறி கேளாது. ஃபிக்ஹு ஓதியோர்க்கு இது புதிதன்று. நிக்காஹ், தலாக், தலாக்கிலிருந்து மீளுதல் ஆகிய மூன்றிலும் விளையாட்டும் மெய்யாகவே கொள்ளப்படும் என நபிமொழி எச்சரிக்கிறது. சொன்ன மாத்திரத்தில் நிகழ்ந்துவிடும் சொற்களோடு நாள் முழுதும் புழங்குவோர், சொல்லுக்கு அத்துணை வலிமை தரும் வேறோர் இடத்தைத் தேடினால், அது சமயமாகத்தானே இருக்கும்?

நம் வீட்டில் இத்தகைய நகை இல்லையோ எனின், நிறையவே உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நகையாடியதுண்டு. சுவர்க்கத்துக்காகத் துஆ செய்யுமாறு வேண்டிய மூதாட்டியிடம், முதியவள் எவளும் அங்கே புகமாட்டாள் என்றார்கள். அவர் கலங்கிச் செல்லவே, இளமை பெற்றே எல்லாரும் புகுவர் என உடனே சொல்லியனுப்பினார்கள். பொய்யும் இல்லை, புண்பட்ட நெஞ்சு ஒரு நாழிகையேனும் அப்படியே விடப்படவும் இல்லை. பெரும் ஆலிமாகிய இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் மூடர்களின் கதைகளைத் திரட்டித் தனி நூலே செய்தார்கள். குர்ஆன் ஓதுவோர், தொழவைப்போர் செய்த பேதைமைகளும் அதில் இடம்பெற்றுள்ளன.

கருவியைப் பற்றிய பித்துக்கு நம்மவருள் நஹ்வுக்காரரை விஞ்சியவர் இல்லை. இலக்கணமும் ஒரு கருவியே அன்றோ? வேதத்தை விளங்கிக்கொள்ளும் கருவியென்றுதானே மத்ரஸாவில் அதனைத் தொடங்குகிறோம்! ஸீபவைஹியின் நூலை முன்னோர் 'நஹ்வின் குர்ஆன்' என்றே அழைத்தனர். இதனை மறைத்துவிட்டு அயலாரை மட்டும் கடிந்துகொள்வது நேர்மையாகாது. பஸரா, கூஃபா என இரு பெருங் கட்சிகள் நூற்றாண்டுக் கணக்கில் பொருதன. ஹாரூன் ரஷீதின் அமைச்சர் யஹ்யா பர்மகீயின் அவையில், பஸராவின் ஸீபவைஹிக்கும் கூஃபாவின் கிஸாயீக்கும் நிகழ்ந்த குளவி வழக்கை ஓதாத மாணவர் இரார். தேளின் கொட்டே கடிதென எண்ணியிருந்தேன், பார்த்தால் குளவியும் அதுவே என்னும் கருத்துடைய ஒரு தொடர். அதன் இறுதிச் சுட்டுப்பெயர் எழுவாயாக நிற்பதா, இரண்டாம் வேற்றுமை ஏற்பதா? ஸீபவைஹி எழுவாய் ஒன்றே தகும் என்றார். கிஸாயீ இரண்டும் தகும் என்றார். வாயிலில் நின்ற பாலைவன அரபிகளைச் சாட்சிக்கு அழைக்க, அவர்கள் கிஸாயீயின் பக்கம் பேசினர். கைக்கூலி பெற்றுப் பேசினர் என்று சொல்வாரும் உளர். மனம் நொந்த ஸீபவைஹி பக்தாதை விட்டுப் பாரசீகம் திரும்பி, அங்கேயே இளமையில் மாண்டார் என்பது வரலாறு. ஒரு வேற்றுமை உருபுக்காக! அந்த அவையில் ஒருவரேனும் தலையில் தட்டைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்திருந்தால் நல்லதாயிருந்திருக்குமே என்று எண்ணத் தோன்றுகிறது.

அச்சிரிப்பு பின்னர் மாணவரிடமிருந்து வந்தது. நஹ்வு நூல்களின் எடுத்துக்காட்டுகளில் ஸைது என்பவன் அம்ரு என்பவனை எந்நேரமும் அடித்துக்கொண்டேயிருப்பான். அம்ரு செய்த குற்றமென்ன என்று தாவூது என்னும் அமைச்சர் ஒருவர் கேட்டாராம். உங்கள் பெயரில் ஒலிக்கும் இரண்டு வாவுகளுள் ஒன்றை எழுத்திலிருந்து திருடித் தன் பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டான், ஆகவே அடிபடுகிறான் என்றாராம் ஓர் அறிஞர். தாவூது என்பதில் ஒரு வாவு குறைவதையும், அம்ரு என்பதில் ஒலிக்காத வாவு ஒன்று நிற்பதையும் எழுத்துக்கூட்டிப் பார்த்தவர்க்கே இதன் சுவை தெரியும்.

தமிழருக்கும் அண்மைக் காலத்தில் ஒரு கருவிப் போர் வாய்த்தது. கணிப்பொறியில் தமிழை எழுதுவதற்குத் தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு முறை எனப் பல விசைப்பலகைகள். எழுத்துருக்கோ ஆளுக்கொரு குறியீட்டு முறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டையொட்டித் 'தமிழ்99' விசைப்பலகை வகுக்கப்பட்டது. ஆயினும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஓரிடத்தில் எழுதிய கட்டுரை மற்றோர் அச்சகத்தில் புரியாத குறிகளாக விழுந்த துன்பத்தை இதழ் நடத்தியவர் அறிவர். அப்போரில் கடுஞ்சொல் கேட்டோம். நல்ல நகை கேட்ட நினைவில்லை. காளமேகத்தைப் பெற்ற மொழிக்கு இது ஒரு குறைதான்.

இனி, இக்கட்டுரைக்குத் தலைப்புத் தந்த செய்திக்கு வருவோம். 1983 செப்டம்பரில் ஸ்டால்மன், எவரும் கையாளவும் கற்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுடைய முழு இயங்குதளம் ஒன்றைச் செய்யப்போவதாக அறிவித்து, அதற்குக் 'க்னூ' எனப் பெயரிட்டார். பிற உறுப்புகள் பலவும் அமைந்த பின்னரும் நடுவே நிற்கும் கரு அமையவில்லை. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' என்னும் கருவைச் செய்தளித்தார். இரண்டும் சேர்ந்து உலகெங்கும் பரவியபோது, மக்கள் முழுமைக்கும் லினக்ஸ் என்றே பெயர் வைத்துவிட்டனர். க்னூவையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று ஸ்டால்மன் இன்றளவும் வலியுறுத்தி வருகிறார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. அவருடைய தொண்டிலும் நமக்கு மதிப்புண்டு. கல்வியை மறைப்பவனை எச்சரிக்கும் நபிமொழியை ஓதிய நாம், அறிவைப் பூட்டிவைக்காதீர் என்பவரை எங்ஙனம் மதியாதிருப்போம்? 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அமைப்புத் தொடங்கப்பட்டபோது அவரே வந்திருந்தார். தமிழில் 2012 முதல் 'கணியம்' என்னும் மின்னிதழ் இப்பணியைச் செய்து வருகிறது.

அவருடைய விளையாட்டுத் திருச்சபையிற் சேர விரும்புவோர் ஓர் உறுதிமொழி கூற வேண்டுமாம். க்னூவையன்றி இயங்குதளம் ஏதும் இல்லையென முதற்கூற்றில் மறுத்து நிறுவி, லினக்ஸ் அதன் கருக்களுள் ஒன்றென இரண்டாங்கூற்றில் பகருவது அவ்வாசகம். அரபு இலக்கணம் அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டா. லா என மறுத்து, இல்லா என ஒன்றை விலக்கி நிறுத்தி, அடுத்து ஒரு சாட்சியத்தைச் சேர்க்கும் இக்கட்டு கலிமாவின் கட்டு. வேறெதிலும் இதனை இவ்வடிவில் காணோம்.

இலக்கியமாகவே இதனை எடைபோடுவோம். கலிமாவின் இரண்டாங்கூற்று ஒருவரைத் தூதர் என உயர்த்துவது. இங்கே இரண்டாங்கூற்று லினக்ஸைப் பலவற்றுள் ஒன்றெனத் தாழ்த்துவது. அதாவது, பெயர் போன குறையை உள்ளே பொதிந்து வெளியே வேடிக்கை காட்டுவது. இதற்குத் தொல்காப்பியர் வைத்த பெயர் பழிகரப்பு அங்கதம். ஒளிவட்டத் தட்டைச் சுமந்தபோது சிரிப்பு தம்மேல் விழுந்தது. இங்கே பிறர்மேல் விழுகிறது. மேலும், சொல்பவர் இதனை விளையாட்டாக நம்பவில்லை, மெய்யாகவே நம்புகிறார். மெய்யாக நம்புவதை வேடிக்கையின் ஆடையில் சொல்பவர், மறுத்துப் பேசினால் வேடிக்கைதானே என்பார். ஒப்புக்கொண்டால் கொள்கையாக ஆக்கிக்கொள்வார். நகைச்சுவையில் இது தாழ்ந்த தரம். கலிமா இதில் எள்ளப்படவில்லை என்பதை ஒப்புகிறோம். அது வெறும் உறையாகப் பயன்பட்டிருக்கிறது.

உறை என்றால் என்னவென்று நம் ஏழாயிரம்பண்ணையார்க்குத் தெரியும். தீப்பெட்டியும் பட்டாசும் செய்து பிழைக்கும் ஊர் இது. லட்சுமி வெடியின்மேல் அத்தெய்வத்தின் படத்தை ஒட்டுவோர் அதனை எள்ளுவதற்கு ஒட்டவில்லை, விற்பனைக்கு ஒட்டுகின்றனர். தீபாவளிக்கு மறுநாள் காலையில் அப்படம் துண்டு துண்டாகத் தெருவிற் கிடக்க, மக்கள் மிதித்துச் செல்கின்றனர். பக்தியுள்ள இந்து அன்பர்கள் சிலர் இதற்கு மனம் வருந்திப் பேச நாம் கேட்டிருக்கிறோம். அவர்கள் வருத்தம் நமக்கு விளங்குகிறது. கிழிந்த காகிதத்தில் இறைவன் பெயரைக் கண்டு, எடுத்து நறுமணம் பூசி வைத்த பிஷ்ருல் ஹாஃபீ (ரஹ்) அவர்களின் வரலாற்றை ஓதி வளர்ந்தோர் அல்லவா நாம்?

இதெல்லாம் ஏட்டு ஆராய்ச்சியாகவே நின்றிருக்கும். சென்ற ஆண்டு, நம்மிடம் சிறுவயதில் ஓதிப் பின் பொறியியல் பயிலச் சென்ற ஒரு பிள்ளை, ஜும்ஆ முடிந்து தயங்கி நின்று, "ஹஜ்ரத், கூட்டாளிகளோடு சேர்ந்து நானும் அந்த வாசகத்தைச் சொல்லிச் சிரித்துவிட்டேன். என் ஈமானுக்குப் பழுதுண்டா?" என்று கேட்டது. முகத்தில் உறக்கமின்மை தெரிந்தது. அதன் அத்தாவோ, செய்தி அறிந்து, படிப்பையே நிறுத்திவிடுவதாகக் கொதித்துக்கொண்டிருந்தார்.

ஃபத்வா வழங்குவது முஃப்திகளின் பொறுப்பு. அவர்களிடம் கேட்கவும் சொன்னோம். ஓதியவர் என்ற அளவில் நாம் அத்தாவுக்குச் சொன்னது இது: வீண்பேச்சும் விளையாட்டுமே என்று சாக்குச் சொன்னவர்களைத் தவ்பா அத்தியாயத்தின் 65ஆம் வசனம் கடிகிறது, ஆனால் அவர்கள் தபூக் பயணத்தில் எள்ளியது நபியவர்களையும் தோழர்களையும். உங்கள் பிள்ளை சிரித்தது, கருவிக்குச் சபை கட்டிய கூத்தைப் பார்த்து. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டா. படிப்பை நிறுத்தவும் வேண்டா.

பிள்ளைக்குச் சொன்னது வேறு. "தம்பி, உங்கள் பெரியத்தா பட்டாசு ஆலையில் மருந்து கலந்தவர். பருத்தியாடை உடுத்தி, இரும்பை விலக்கி, அந்த அறைக்குள் நிற்கும்வரை வாய் திறவார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் அவரைப்போல் கேலி பேசுபவர் ஊரில் இல்லை. அந்த அறையையே வைத்துங்கூடக் கேலி பேசுவார். உள்ளே நின்று பேசமாட்டார். பிறந்த குழந்தையின் காதிலும் இறப்பவர் காதிலும் நாம் சொல்லும் வாசகம் அது. வி-ஐயைப் பற்றி, ஈமாக்ஸைப் பற்றி, தட்டு அணிந்த பெரியவரைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சிரியுங்கள். அந்த ஒன்றைக் கூட்டாளிகள் சொல்லும்போது நீங்கள் சேர்ந்து சொல்லாதிருங்கள், சண்டையும் பிடிக்காதிருங்கள்" என்றோம்.

சேர்ந்து சிரிக்க வேறென்ன இருக்கிறது என்று கேட்டது பிள்ளை. ஸைதையும் அம்ரையும் நினைவூட்டினோம். புதிய நிரலைச் சோதிப்பதற்கு உலகத்துக்கு வணக்கம் கூறும் தொடரையே எல்லாரும் எழுதுவது வழக்கமாம். இப்பிள்ளை அன்றுமுதல் ஸைது அம்ரை அடித்தான் என்று அரபியில் எழுதிச் சோதித்து வருகிறது. சென்ற மாதம் பார்த்தபோது ஒரு முறையீடு: எழுத்துகளை எண்ணச் சொன்னால், வாயில் மூன்றெழுத்தாக ஒலிக்கும் அம்ரு பொறியில் நான்காக வருகிறானாம். அயின், மீம், ரே, வாவு. திருட்டுப்பொருள் இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது என்றோம்.